வயிற்றில் வலிக்கும் கட்டி: முதலில் எந்த டாக்டரைப் பார்ப்பது?

குளிக்கும்போது கையில் தட்டுப்படும். இல்லையென்றால், மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நிமிரும்போது அடிவயிற்றில் ஏதோ இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கும். தொட்டுப் பார்த்தால் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம், அழுத்தினால் வலி. அடுத்த நிமிஷமே கை போனைத் தேடும். இணையத்தில் ஒரு பக்கம் அது வெறும் கொழுப்புக் கட்டி என்கிறது, அடுத்த பக்கம் புற்றுநோய் என்கிறது. வீட்டில் கேட்டால், "வாயுவா இருக்குமுங்க, ஓமத்தண்ணி குடிச்சாச் சரியாப் போயிரும்" என்கிறார்கள்.

சரி, டாக்டரிடமே போய்விடலாம் என்றால் அடுத்த குழப்பம். சேலத்திலும் நாமக்கல்லிலும் இன்று எல்லா வகை நிபுணர்களும் இருக்கிறார்கள். வயிறு என்றால் கேஸ்ட்ரோ டாக்டரா? கட்டி என்றால் புற்றுநோய் டாக்டரா? பெண் என்றால் மகளிர் மருத்துவரா? தவறான கதவைத் தட்டினால் ஒரு நாள் சம்பளம், ஒரு ஸ்கேன், ஒரு ஃபீஸ் போகும். அதைவிட முக்கியம், சில கட்டிகளில் அப்படிப் போகும் நேரத்துக்கு உயிரே விலையாகலாம்.

சுருக்கமான பதில்

பெரியவர்களுக்கு வயிற்றில், தொப்புளில், தொடை இடுக்கில் வலிக்கும் கட்டி இருந்தால் முதலில் பார்க்க வேண்டியவர் பொது அறுவை சிகிச்சை நிபுணர், அதாவது ஜெனரல் சர்ஜன். குழந்தை என்றால் குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர். கட்டியோடு கீழே சொல்லும் ஆபத்து அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும், எந்த நிபுணர் என்று யோசிக்கவே கூடாது. நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

எப்போது அவசரம்?

* இதுவரை படுத்தால் உள்ளே போய்க்கொண்டிருந்த கட்டி இப்போது போகவில்லை, கல் போல இறுகியிருக்கிறது.
* கட்டியின் மேல் தோல் சிவந்தோ, கருத்தோ, நீலம் பாய்ந்தோ இருக்கிறது.
* வாந்தி நிற்கவில்லை. வயிறு உப்பிக்கொண்டே போகிறது. மலமும் போகவில்லை, காற்றும் பிரியவில்லை.
* காய்ச்சல், குளிர் நடுக்கம். அல்லது வயிறு முழுக்கப் பலகை மாதிரி இறுகிவிட்டது.
* 60 வயதைத் தாண்டியவருக்கு, குறிப்பாகப் புகைப்பவருக்கு, நடு வயிற்றில் நாடி போலத் துடிக்கும் கட்டி. கூடவே முதுகு வலி, தலைசுற்றல்.
* மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்குத் திடீரென்று அடிவயிற்று வலி, மயக்கம்.
* சிறுநீர் கழிக்கவே முடியவில்லை. அடிவயிறு குடம் போல மேலே எழும்பியிருக்கிறது.
* சிறுவனுக்கோ இளைஞனுக்கோ விதைப்பையில் திடீர்க் கடும் வலி. விதை முறுக்கிக்கொண்டிருந்தால் சுமார் 6 மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் அதைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம்.

இவற்றில் எது இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். வழியில் சோடா, டீ, கஞ்சி எதுவும் கொடுக்க வேண்டாம். உடனே ஆபரேஷன் தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுக்க வெறும் வயிறுதான் நல்லது. கட்டியை அமுக்கி உள்ளே தள்ளப் பார்க்கவும் வேண்டாம். சுளுக்கு வழிப்பவரிடமோ, குடல் தட்டுபவரிடமோ கூட்டிப்போவது இந்த நிலையில் மிகவும் ஆபத்து. உள்ளே சிக்கியிருக்கும் குடலுக்கு ஏற்கெனவே ரத்தம் போகாமல் இருக்கலாம். எண்ணெய் போட்டு உருவினால் அது கிழியக்கூட வாய்ப்பு உண்டு.

ஏன் ஜெனரல் சர்ஜன்?

'சர்ஜன்கிட்டப் போனா உடனே வெட்டச் சொல்லிருவாங்க' என்ற பயம் பலருக்கும் இருக்கிறது. உண்மையில் ஒரு கட்டியைக் கையால் தொட்டு, அது தோலிலா, தசையிலா, வயிற்றுக்குள்ளா என்று பிரித்துச் சொல்வது சர்ஜனின் அன்றாட வேலை. வலியுள்ள கட்டிகளுக்குப் பொதுவான காரணங்களான குடலிறக்கம், சீழ்க்கட்டி, தசைக்குள் ரத்தக்கட்டு, கொழுப்புக் கட்டி எல்லாம் அவருடைய எல்லைக்குள்தான் வருகின்றன. வேறு துறை என்று தெரிந்தால், எங்கே அனுப்ப வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும்.

கேஸ்ட்ரோ எனப்படும் இரைப்பை குடல் மருத்துவரின் வேலை வேறு. கல்லீரல், கணையம், குடலின் உள்பகுதி ஆகியவற்றை மருந்தாலும் எண்டோஸ்கோப்பியாலும் கவனிப்பவர் அவர். நெஞ்செரிச்சல், மஞ்சள் காமாலை, மலத்தில் ரத்தம் என்றால் அவரிடம் போவது சரி. தொப்புளில் புடைத்துக்கொண்டு நிற்கும் குடலிறக்கத்துக்கு எண்டோஸ்கோப்பி எடுத்தால் அதில் எதுவும் தெரியாது.

தூரத்து ஊரில் இருப்பவர்கள் நேராக சர்ஜனிடம்தான் போக வேண்டும் என்றும் இல்லை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரோ, நம்பிக்கையான குடும்ப மருத்துவரோ தொட்டுப் பார்த்து, கடிதம் எழுதி அனுப்பினாலே பாதி வேலை முடிந்தது. ஊசி போட்டு வலியை மட்டும் அடக்கிவிட்டு, கட்டியைத் தொட்டே பார்க்காமல் அனுப்பினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

சுவரிலா, வீட்டுக்குள்ளா?

வயிற்றை ஒரு வீடு என்று வைத்துக்கொண்டால், டாக்டர் கேட்கும் முதல் கேள்வி: கட்டி சுவரில் இருக்கிறதா, வீட்டுக்குள் இருக்கிறதா? இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. நோயாளியை மல்லாந்து படுக்கவைத்து, கை ஊன்றாமல் தலையையும் தோளையும் தூக்கச் சொல்வார்கள். அப்போது வயிற்றுத் தசை இறுகும். கட்டி அப்படியே தெரிந்தால், அல்லது வலி கூடினால், பிரச்சினை பெரும்பாலும் சுவரில். கட்டி மறைந்து, வலியும் குறைந்தால் உள்ளே. அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் ஜே.பி. கார்னெட் 1926-ல் எழுதிய இந்த முறைக்கு 'கார்னெட் சோதனை' என்று பெயர். மெஷின் எதுவும் தேவையில்லாத இந்தச் சோதனை இன்றும் வழக்கத்தில் இருக்கிறது.

சுவரில் என்றால் ஜெனரல் சர்ஜனே கடைசி வரை பார்த்துவிடுவார். உள்ளே என்றால்தான் மற்ற நிபுணர்களின் தேவை வரும்.

இந்தப் பக்கம் அதிகம் கேள்விப்படும் கட்டி

ஜவ்வரிசி ஆலையில் மூட்டை தூக்குபவர், கோழிப்பண்ணையில் தீவனம் இறக்குபவர், விசைத்தறிக் கூடத்தில் பாவு பீம் மாற்றுபவர், திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் குழாய் தூக்குபவர், லாரி பட்டறைத் தொழிலாளி. சேலம், நாமக்கல் சமவெளியில் பளு தூக்காத தொழில் குறைவு. 'தூக்கும்போது பிடிச்சுக்கிச்சு' என்று இவர்கள் சொல்லும் தொடை இடுக்கு வீக்கம் பல நேரங்களில் குடலிறக்கம்தான். டாக்டர்கள் இதை ஹெர்னியா என்பார்கள்.

வயிற்றுச் சுவரில் பலவீனமான ஓர் இடம் வழியாக, உள்ளேயிருக்கும் கொழுப்போ குடலோ பிதுங்கி வருவதுதான் ஹெர்னியா. பளு தூக்குவது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பிறவியிலேயே இருக்கும் பலவீனம், நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், உடல் பருமன், முன்பு செய்த ஆபரேஷன் எல்லாம் சேரும். ஆனால் உள்ளே இருக்கும் பலவீனம் வெளியே தெரிய வருவது பெரும்பாலும் பளு தூக்கும்போதுதான். நின்றால், இருமினால் புடைக்கும். படுத்தால் உள்ளே போகும். இதுதான் இதன் அடையாளம்.

எல்லா ஹெர்னியாவுக்கும் மறுநாளே ஆபரேஷன் தேவையில்லை. வட அமெரிக்காவில் தொந்தரவு இல்லாத, அல்லது மிகக் குறைவாக உள்ள தொடை இடுக்கு ஹெர்னியா இருந்த 720 ஆண்களை இரண்டு குழுவாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2006-ல் வெளிவந்தது. ஒரு குழுவுக்கு ஆபரேஷன். இன்னொரு குழுவுக்குக் கண்காணிப்பு மட்டும். கண்காணிப்பில் இருந்தவர்களுக்குக் குடல் சிக்கும் அவசர நிலை அரிதாகவே வந்தது. அதே நேரம், அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் 2 ஆண்டுகளுக்குள் தாங்களாகவே ஆபரேஷனுக்கு வந்தார்கள். பெரும்பாலானோர் சொன்ன காரணம், வலி. வலி இல்லாதபோது டாக்டரோடு பேசி நாள் குறிக்கலாம்; வலி ஆரம்பித்தால் தள்ளிப்போடக் கூடாது என்பதுதான் இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது.

இந்தக் கணக்கு ஆண்களின் தொடை இடுக்கு ஹெர்னியாவுக்குத்தான். பெண்களுக்குத் தொடை மடிப்புக்குச் சற்றுக் கீழே வரும் ஹெர்னியா நெல்லிக்காய் அளவில்தான் இருக்கும். ஆனால் அதில் குடல் சிக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம். அதைக் கண்காணிப்பில் விட மாட்டார்கள்.

பெல்ட் போட்டால் புடைப்பு அடங்கும், ஓட்டை மூடாது. 'ஆபரேஷன் இல்லாமல் ஹெர்னியா குணம்' என்று பஸ் ஸ்டாண்ட் சுவர்களில் ஒட்டியிருக்கும் நோட்டீஸும் அப்படித்தான். பெரியவர்களுக்கு அந்த ஓட்டையை அடைக்கும் மாத்திரையோ லேகியமோ கிடையாது. வலை வைத்துத் தைக்கும் ஆபரேஷனை ஜெனரல் சர்ஜனே செய்வார். திறந்தும் செய்யலாம், லேப்ராஸ்கோப்பியிலும் செய்யலாம். சில நாளில் நடமாட்டம் சரியாகிவிடும் என்றாலும், பளு தூக்கும் வேலைக்குச் சில வாரங்கள் போகக் கூடாது. தினக்கூலிக்காரருக்கு அது பெரிய இழப்புதான். ஆனால் குடல் சிக்கி, அழுகிய பகுதியை வெட்டி எடுக்கும் நிலை வந்தால் ஆஸ்பத்திரி நாளும் கூடும், வேலைக்குத் திரும்பும் நாளும் தள்ளிப்போகும்.

வெளி மாநிலத்துக்கு லோடு ஏற்றிப் போகும் டிரைவர்களுக்கு இது இன்னும் முக்கியம். நாக்பூர் பக்கம் கட்டி வலிக்க ஆரம்பித்தால், 'ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்' என்று இரண்டு நாள் ஓட்டி வருவதற்குள் நிலைமை கைமீறலாம். உள்ளே போகாத, வலிக்கும் கட்டி என்றால் இருக்கும் ஊரிலேயே ஆஸ்பத்திரி தேட வேண்டும்.

மறைத்த ராணி

கட்டியை மறைப்பது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜின் மனைவி கரோலின். 1724-ல் கடைசிக் குழந்தை பிறந்தபோது அவருக்குத் தொப்புளில் குடலிறக்கம் ஏற்பட்டது. 13 ஆண்டுகள் அதை வெளியே சொல்லவில்லை. 1737 நவம்பரில் கடும் வயிற்று வலி வந்தபோதும் முதல் சில நாட்கள் மருத்துவர்களுக்குத் தெரியாது. ஏதேதோ மருந்து கொடுத்தார்கள். உண்மை தெரிந்தபோது குடல் அழுகத் தொடங்கியிருந்தது. நவம்பர் 20 அன்று அவர் இறந்தார். அரண்மனையும் வைத்தியர்களும் இருந்தும் உதவவில்லை.

பிரசவத்துக்குப் பிறகு தொப்புளில் தோன்றும் புடைப்பையும், தொடை இடுக்கு வீக்கத்தையும் புருஷனிடம்கூடச் சொல்லாமல் சேலைக்குள் மறைத்துக்கொண்டு வேலைக்குப் போகும் பெண்கள் இங்கேயும் உண்டு. கூச்சமாக இருந்தால் பெண் சர்ஜன் இருக்கிறாரா என்று கேட்கலாம். பரிசோதனையின்போது கூடவே ஒரு பெண் உறவினரோ நர்ஸோ இருக்க வேண்டும் என்றும் கேட்கலாம்.

இடத்தை வைத்து யாரிடம்?

வலது மேல் வயிறு: விலா எலும்புக்குக் கீழே வலிக்கும் கட்டி, கூடவே காய்ச்சல் என்றால் பித்தப்பை வீக்கமோ கல்லீரலில் சீழோ இருக்கலாம். குடிப்பழக்கம் உள்ளவர்களுக்குக் கல்லீரல் சீழ்க்கட்டி வரும் வாய்ப்பு கூடுதல். சர்ஜனிடம் தொடங்கலாம், கண் மஞ்சளாக இருந்தால் இரைப்பை குடல் மருத்துவரும் தேவை.

மேல் நடு வயிறு: கணைய அழற்சிக்காக ஆஸ்பத்திரியில் இருந்து வந்த சில வாரங்களில் இங்கே கட்டி தென்பட்டால், கணையத்தைச் சுற்றி நீர் தேங்கியிருக்கலாம். முன்பு பார்த்த இரைப்பை குடல் மருத்துவரிடமே திரும்பப் போவது நல்லது. துடிக்கும் கட்டி என்றால் ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணர். அவசரப் பிரிவு வழியாக.

இடது மேல் வயிறு: மண்ணீரல் பெரிதாகியிருக்கலாம். முதலில் பொது மருத்துவர், அதாவது எம்.டி. படித்த ஃபிசிஷியன்.

வலது கீழ் வயிறு: சில நாள் வலியும் காய்ச்சலும் இருந்து, பிறகு கட்டி மாதிரி திரண்டால் குடல்வால் அழற்சியாக இருக்கலாம், சர்ஜனைப் பார்க்க வேண்டும். மாலைக் காய்ச்சல், எடை குறைவு, பசியின்மை சேர்ந்திருந்தால் குடலில் காசநோயும் இருக்கலாம் என்பதை நம் ஊரில் மறக்கக் கூடாது.

விலாப்புறம்: சிறுநீரகக் கல்லால் அடைப்பு ஏற்பட்டுச் சிறுநீரகம் வீங்கியிருக்கலாம். இதற்கு யூராலஜிஸ்ட். நெப்ராலஜிஸ்ட் என்பவர் வேறு. அவர் சிறுநீரகத்தை மருந்தாலும் டயாலிசிஸாலும் கவனிப்பவர்.

அடிவயிற்று நடுப்பகுதி: வயதான ஆணுக்குச் சிறுநீர் அடைப்பு என்றால் முதலில் அவசரப் பிரிவில் டியூப், பிறகு யூராலஜிஸ்ட். பெண்ணுக்குக் கருப்பை நார்க்கட்டியோ சினைப்பைக் கட்டியோ இருக்கலாம். மகளிர் நல மருத்துவர்.

சிசேரியன் தழும்பில் கட்டி இருந்தால் ஒரே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இருமினால் புடைக்கிறதா, மாதவிடாய் நாட்களில் மட்டும் வலியும் வீக்கமும் கூடுகிறதா? முதலாவது தழும்பு வழியாக வரும் குடலிறக்கம்; சர்ஜனிடம் போக வேண்டும். இரண்டாவது, கருப்பை உள்சவ்வுத் திசு தழும்பில் வளர்வதாக இருக்கலாம். மகளிர் நல மருத்துவரிடம் தொடங்க வேண்டும்.

எடை குறைந்துகொண்டே வருகிறது, மலத்தில் ரத்தம், கட்டி பெரிதாகிக்கொண்டே போகிறது என்றாலும் நேராகப் புற்றுநோய் மருத்துவரைத் தேட வேண்டியதில்லை. சர்ஜனைப் பார்த்து, ஸ்கேனும் திசுப் பரிசோதனையும் முடிந்து, என்ன நோய் என்று உறுதியான பிறகுதான் அவர் வேலை தொடங்கும். ஆனால் இந்த அறிகுறிகள் இருந்தால் வாரக்கணக்கில் காத்திருக்கக் கூடாது.

குழந்தைகளுக்கு

பச்சைக் குழந்தையின் தொப்புள் புடைப்பு பெரும்பாலும் 4, 5 வயதுக்குள் தானாகவே மூடிக்கொள்ளும். ரூபாய்க் காசு வைத்துக் கட்டினால் அது சீக்கிரம் மூடாது; தோல் புண்ணாவதுதான் மிச்சம். ஆனால் தொடை இடுக்கில் வரும் ஹெர்னியா குழந்தைக்குத் தானாக மூடாது. சீக்கிரமே ஆபரேஷன் தேவை. விட்டு விட்டு வீறிட்டு அழுது, காலை மடக்கி, மலத்தில் ரத்தமும் சளியும் கலந்து போனால் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. குளிப்பாட்டும்போது குழந்தையின் வயிற்றில் வலியில்லாத கட்டி தட்டுப்பட்டாலும் ஒரு வாரம் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. சிறுநீரகக் கட்டி பல நேரம் அப்படித்தான் தெரிய வரும். அதை அழுத்தி அழுத்திப் பார்க்கவும் கூடாது.

பெயர்ப் பலகையைப் படிப்பது எப்படி?

எம்.பி.பி.எஸ். என்பது அடிப்படை. அதற்குப் பிறகு எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி, அல்லது டி.என்.பி. ஜெனரல் சர்ஜரி என்று இருந்தால் அவர்தான் ஜெனரல் சர்ஜன். எம்.டி. ஜெனரல் மெடிசின் என்றால் பொது மருத்துவர். ஆபரேஷன் செய்ய மாட்டார். டி.எம். என்பது எம்.டி.க்கு மேல் படிப்பு, எம்.சி.ஹெச். என்பது எம்.எஸ்.ஸுக்கு மேல் படிப்பு. அதனால் டி.எம். கேஸ்ட்ரோ மருந்தாலும் எண்டோஸ்கோப்பியாலும் சிகிச்சை தருபவர், எம்.சி.ஹெச். கேஸ்ட்ரோ வயிற்று உறுப்புகளில் பெரிய ஆபரேஷன் செய்பவர். எம்.எஸ். என்ற எழுத்தை மட்டும் பார்த்து உள்ளே போய்விடக் கூடாது. எலும்பு, கண், காது மூக்கு தொண்டை மருத்துவர்களுக்கும் எம்.எஸ். உண்டு. அதற்கு அடுத்து என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

ஸ்கேன் எடுத்துவிட்டே போகலாமா?

பலர் செய்வது இதுதான். நேராக ஸ்கேன் சென்டர். வயிற்று ஸ்கேன் என்றால் கல்லீரல், பித்தப்பை, சிறுநீரகம் என்று உறுப்புகளைப் பார்த்து 'நார்மல்' என்று ரிப்போர்ட் வந்துவிடலாம். படுத்திருக்கும்போது ஹெர்னியா உள்ளே போயிருக்கும். சுவரில் இருக்கும் கட்டியை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். முதலில் டாக்டர் தொட்டுப் பார்த்து, எந்த இடம், எதற்காக என்று எழுதிக் கொடுத்தால் அந்த ஸ்கேன் உருப்படியாக இருக்கும். ஸ்கேன் எடுப்பவரிடமும் கட்டி இருக்கும் இடத்தை விரலால் காட்டி, இருமும்போது புடைக்கும் என்று சொல்லுங்கள். நின்றபடியோ இருமச் சொல்லியோ பார்ப்பார்.

எங்கே போவது?

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1986-ல் தொடங்கிய கல்லூரி அது. 1997-ல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கிய நாமக்கல்லுக்கு வெகுகாலம் சொந்த மருத்துவக் கல்லூரி இல்லை. தமிழகத்தில் 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் நாமக்கல்லும் ஒன்று. ஆத்தூர், மேட்டூர், ராசிபுரம், திருச்செங்கோடு போன்ற ஊர்களிலும் அரசு மருத்துவமனைகள் உண்டு. அன்று சர்ஜன் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டுப் போனால் அலைச்சல் மிச்சம்.

பெரிய அரசு மருத்துவமனையில் எந்த நிபுணர் என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டியதே இல்லை. காலையில் ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் "வயித்துல கட்டி இருக்குங்க, வலிக்குது" என்று சொன்னால் போதும், எந்த ஓ.பி. என்று அங்கேயே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். தனியார் மருத்துவமனைக்குப் போவதாக இருந்தால், முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இதில் சிகிச்சை பெறலாம். ஆனால் அந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா, உங்களுக்குச் சொன்ன ஆபரேஷன் அங்கே திட்டத்தில் வருமா என்ற இரண்டையும் அட்மிஷனுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். எங்கே போவது என்று புரியாவிட்டால் 104 மருத்துவ உதவி எண்ணிலும் கேட்கலாம்.

டாக்டரிடம் சொல்ல வேண்டிய 7 விஷயங்கள்

ஓ.பி.யில் ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். கீழே உள்ளவற்றைப் போனிலேயே குறித்து வைத்துக்கொண்டு போங்கள்.

1. கட்டியை முதலில் பார்த்தது எப்போது? அன்றைக்கும் இன்றைக்கும் அளவில் வித்தியாசம் உண்டா?
2. நின்றால், இருமினால் பெரிதாகிறதா? படுத்தால் மறைகிறதா?
3. வலி எப்போதும் இருக்கிறதா, வேலை செய்யும்போது மட்டுமா, மாதவிடாயின்போதா?
4. காய்ச்சல், வாந்தி, எடை குறைவு, மலம் அல்லது சிறுநீரில் மாற்றம் உண்டா?
5. இதற்கு முன் வயிற்றில் செய்த ஆபரேஷன் என்ன, எந்த ஆண்டு?
6. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய்க்கு என்ன மாத்திரை? குறிப்பாக, ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதைச் சாப்பிடுபவருக்குப் பலமான இருமலுக்குப் பிறகுகூட வயிற்றுத் தசைக்குள் ரத்தம் கட்டி வீங்கலாம்.
7. என்ன வேலை? எவ்வளவு பளு தூக்குவீர்கள்?

சில கட்டிகள் டாக்டர் முன்னால் படுத்ததும் மறைந்துவிடும். அது புடைத்திருக்கும்போது போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஓ.பி.யில் அதைக் காட்டலாம். கிளம்பும் முன் டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: "இது என்னன்னு நெனைக்கறீங்க?", "எந்த அறிகுறி வந்தா ராத்திரியா இருந்தாலும் ஓடி வரணும்?" இரண்டாவது கேள்விக்கு அவர் சொல்லும் பதிலை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.